சீர்த்தட்டில் ஒரு பழைய கேமரா

1

போன மாதம் திருச்செங்கோட்டில் என் தங்கை மகள் தாரணிக்குத் தெரட்டிச் சீர் நடந்தது. பத்திரிகையில் பூப்பு நன்னீராட்டு விழா என்று அச்சடித்திருந்தார்கள். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து மண்டபத்துக்குள் நுழைய வேண்டியவன், அந்த நேரத்தில் ஜப்பானில், நகோயாவில், என் வீட்டுச் சமையலறை மேசைமேல் சர்க்கரை டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் போகவில்லை என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது நல்லது என்றார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனால் ஊர் முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். ஊர் முகவரி என்று அதில் இருப்பது நாமக்கல் பக்கத்தில் நாங்கள் எப்போதோ விற்றுவிட்ட வீடு. அங்கே இப்போது யாரோ கோழித்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். முகவரியை மாற்ற ஒரு காகிதம், அந்தக் காகிதத்துக்கு இன்னொரு காகிதம். என் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் தங்கை மாமியார் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். மண்டபம் கிடைத்த நாள் அது ஒன்றுதான்.

சித்தப்பா ஒருவரிடம் இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, யாருக்காச்சும் காசு குடுத்தா ஆவாதா?" என்றார். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எப்படிப் பதில் சொல்வது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

2

தங்கை பூங்கொடி திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சரவணன் ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் மாமியார், மாமியாரின் மூத்த மருமகள் வசந்தா, அப்புறம் பூங்கொடி. வசந்தாவின் அண்ணன் ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். போன வருடம் வசந்தா மகளுக்கு நடந்த சீரில் அவர் வைத்த தட்டுகளைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். பூங்கொடி அதை ஒரு குறையாக என்னிடம் சொன்னதில்லை. வேறு ஏதோ பேசும்போது நடுவில் வந்து போகும், அவ்வளவுதான்.

தாரணியே ஒருநாள் கூப்பிட்டாள். "மாமா, எனக்கு வளையலெல்லாம் வேண்டாங்க. கேமரா வேணுங்க. லென்ஸைக் கழட்டி மாட்டுவாங்கல்ல, அந்தப் பெரிய கேமரா."

அவளுடைய அம்மாவின் கைப்பேசியில் அவள் எடுத்த படங்களை எனக்கு அடிக்கடி அனுப்புவாள். ரிக் ஆட்கள் வேலை முடிந்து வந்து வாசலில் நிற்கும் படம் ஒன்று உண்டு. பாறைத்தூள் படிந்து முகம், முடி, சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. கண் மட்டும் சிவந்திருக்கும். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அதை எடுக்கத் தோன்றியது எனக்குப் பெருமையாக இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கம் விற்கிற விலையில் ஒரு ஜோடி வளையலுக்கு நான் கடன்தான் வாங்கியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோய்விட்டது. யென்னும் விழுந்து கிடக்கிறது. இங்கே சம்பாதித்து ஊருக்கு அனுப்பினால் முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பூங்கொடியிடம் கேட்டேன். "அவ கேக்கறதையே குடுத்துருங்கண்ணா," என்றாள். "ஆனா தட்டுல வெச்சா நாலு பேரு பார்க்கறாப்பல இருக்கோணுமுங்க."

பார்க்கிற மாதிரி என்றால் பெரியதாக, கனமாக இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

3

நான் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. கேமரா தேர்ந்தெடுக்கும் வேலை கிடைத்ததும் எனக்குப் புது ரத்தம் பாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்றரை மாதம் வேறு நினைப்பே இல்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கேமரா பற்றியே படித்தேன்.

வாங்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்பதால் நான் கண்டதைச் சொல்கிறேன். தாரணி கேட்ட அந்தப் பெரிய கேமரா, டிஎஸ்எல்ஆர் என்பது, இப்போது வழக்கொழிந்துவரும் சாதி. கம்பெனிகள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்ற புது ரகத்துக்குப் போய்விட்டன. அந்தப் புது ரகத்தின் விலை என் பக்கத்தில்கூட வராது. புது டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்றால் என் பணத்துக்குக் கிடைப்பது ஆகக் கீழே உள்ள மாடல். அதோடு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் கொடுப்பார்கள். வெயிலில் படம் நன்றாக வரும். கல்யாண மண்டபத்துக்குள், வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில் படம் கலங்கிவிடும். ஆனால் எல்லோரும் புது ரகத்துக்குத் தாவுவதால், அருமையான பழைய டிஎஸ்எல்ஆர்கள் கடைக்கு வந்து குவிகின்றன. ஒரு காலத்தில் நம்மால் விலை கேட்கவே முடியாத கேமரா, அதைவிடக் குறைந்த பணத்துக்குக் கிடைக்கும். மிச்சப் பணத்தில், விளக்கு வெளிச்சத்திலும் படம் கலங்காத ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று தனியாக வாங்கலாம். முதல் கேமராவுக்கு இதைவிட நல்ல சேர்க்கை இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். லென்ஸ்தான் படம் எடுக்கிறது, கேமரா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

இங்கே பழைய சாமான் என்றால் நம்மூர் மாதிரி நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கேமராவையும் துடைத்து, சோதித்து, தரம் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார்கள். கீறல் இருந்தால் எந்த மூலையில் எவ்வளவு கீறல் என்று சீட்டில் எழுதியிருக்கும். என் கோட், எங்கள் சோறு வடிக்கும் குக்கர், மகளின் சைக்கிள் எல்லாமே பழைய சாமான் கடையில் வாங்கியவை. பழசு என்ற சொல்லே எங்கள் வீட்டில் எப்போதோ செத்துப்போய்விட்டது.

4

ஞாயிற்றுக்கிழமை மகள் இனியாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். வற்புறுத்தினால் தமிழில் சொல்வாள், ஆனால் பேச்சு சுருங்கிவிடும். அதனால் வற்புறுத்துவதை விட்டுவிட்டோம்.

என் அப்பா லாரி ஓட்டி, பிறகு ஒரு லாரிக்குச் சொந்தக்காரரானவர். ஆயுளில் புது லாரி வாங்கியதே இல்லை. பழைய வண்டி பார்க்கப் போனால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அதை யார் வேண்டுமானாலும் திருப்பி வைத்துவிடலாம் என்பார். குனிந்து கிளச் பெடல் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். எத்தனை பேர் காலால் மிதித்திருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். நானும் கேமராக்களின் கைப்பிடி ரப்பரைத் தடவிப் பார்த்தேன், திருகுகளில் கீறல் உண்டா என்று பார்த்தேன். கடைப் பெண்ணிடம், "இது எவ்வளவு ஓடியிருக்கிறது?" என்று என் ஜப்பானிய மொழியில் கேட்டேன். அவள் கேமராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இனியா முகம் சிவந்து, எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்கிறார் என மொழிபெயர்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மெனுவெல்லாம் ஓட்டிப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது. இனியாதான் எட்டிப் பார்த்து, "தாரணிக்கு இது படிக்கத் தெரியாதே," என்றாள். அப்போதுதான் கவனித்தேன். மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. இந்நாட்டில் மட்டும் விற்க வந்த ரகம், வேறு மொழிக்கு மாற்றவே முடியாது. நான் தடங்கல் இல்லாமல் படித்துக்கொண்டே போயிருக்கிறேன். அதைக் கீழே வைத்துவிட்டேன். என்னவோ மாதிரி இருந்தது.

கடைசியில் கிடைத்தது நான் தேடியதுதான். உலோக உடம்பு, ஆங்கில மெனு, கைப்பிடி ரப்பர் நேற்று ஒட்டியது போல். ஐம்பது எம்எம் லென்ஸில் ஒரு தூசிகூட இல்லை. டார்ச் அடித்தும் பார்த்தேன். பில் போடும்போது கடைப் பெண், இது யாருக்காவது பரிசா, பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். சீர் என்பதற்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்வது? குடும்பத்துக்குத்தான், கட்ட வேண்டாம் என்றேன். அதனுடைய அசல் பெட்டி இல்லை, மன்னிக்கவும் என்று மூன்று தடவை குனிந்தாள். பரவாயில்லை என்று நானும் குனிந்தேன். ஊருக்குப் போகும் ஈரோட்டு நண்பரின் பெட்டியில் இடமும் குறைவு. குமிழ் உறையில் சுற்றி ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிவந்தேன்.

மனைவி கோகிலா கையில் எடுத்துப் பார்த்தாள். "புதுசு மாதிரியே இருக்குதுங்களே," என்றாள். அவளும் பரமத்தி வேலூர்க்காரிதான். அதற்கு மேல் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

5

ஈரோட்டு நண்பர் பேருந்து நிலையத்தில் தங்கை கையிலேயே கேமராவைச் சேர்த்த அன்று சாயங்காலம் பூங்கொடி கூப்பிட்டாள்.

"வந்துருச்சுங்கண்ணா."

"எப்படி இருக்குது?"

"நல்லா கனமா இருக்குதுங்க." பிறகு, "பொட்டி தனியா வருதுங்களா?" என்றாள்.

"பெட்டி இல்லை. அப்படியேதான்."

"பொட்டி இல்லாம எப்படிங்கண்ணா குடுப்பாங்க?"

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பழைய கேமராவுக்குப் பெட்டி இருக்காது என்று சாவகாசமாக விளக்கினேன். எதிர்ப்பக்கத்தில் மாமியார் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது மட்டும் கேட்டது.

"பழசுங்களா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

நான் லென்ஸைப் பற்றிச் சொன்னேன். விளக்கு வெளிச்சத்தில் படம் எப்படி வரும், புதிய மட்டமான மாடல் ஏன் ஆகாது, இந்தக் கேமரா புதிதாக இருந்தபோது என்ன விலை. எல்லாவற்றையும் கேட்டாள்.

"நல்லதுதானுங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா சீர்த்தட்டுல பழசு வெப்பாங்களாண்ணா?"

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் கோபம்தான் முதலில் வருகிறது. "பெட்டியா படம் எடுக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா," என்றாள். அவள் எதிர்த்துப் பேசும் பழக்கம் இல்லாதவள்.

தொலைபேசியை வைத்த பிறகு அப்பாவின் நினைப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மிதித்த பெடலை மிதித்தவர். ஆனால் அத்தைக்குச் சீர் கொண்டுபோகும்போது அவர் வேறு ஆள். சேலம் செவ்வாப்பேட்டையில் எவர்சில்வர் குடம் வாங்கினால் விரலால் சுண்டிப் பார்ப்பார். அதில் ஒட்டியிருக்கும் லேபிளின் ஓரம் கிழிந்திருந்தால் வேறு குடம் எடுக்கச் சொல்வார். அந்த லேபிளோடுதான் குடம் தட்டில் ஏறும். புடவை மடிப்புக் கலையாமல், சோப்பு உறை பிரியாமல், எல்லாம் முதல் கை. பொறந்தவள் வீட்டுச் சபையில் இன்னொருவன் தொட்ட பொருளை வைப்பது, உனக்கு இது போதும் என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதற்குச் சமம். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். அது எப்படி என்னை விட்டுப் போனது, எந்த வருடம் போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

6

மறுநாள் நானே கூப்பிட்டேன். யாரிடமாவது வாங்கிப் பணம் அனுப்புகிறேன், சேலத்தில் புதியதாக எதையாவது வாங்கித் தட்டில் வைத்துவிடு என்றேன். பூங்கொடி ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாங்கண்ணா. உங்க நெலம எனக்குத் தெரியாதுங்களா? நான் பொட்டிக்கு ஏற்பாடு பண்ணிட்டேனுங்க."

சீருக்குப் படம் எடுக்கப் பேசியிருந்த ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவரிடம் அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கு வந்த காலிப்பெட்டி பரணில் கிடந்திருக்கிறது. தூசி தட்டிக் கொடுத்துவிட்டார். கேமராவை அதற்குள் வைத்து, ஆடாமல் இருக்கத் தாரணியின் பழைய பாவாடையைச் சுற்றி அடைத்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் இரண்டு பேருக்குமே மனசு இல்லை.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் மாமியாரைச் சொன்னேன்.

"தெரியக் கூடாதுங்கண்ணா," என்றாள். "வசந்தாக்காளுக்குந் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்பறம் எந்தக் காலத்துக்கும் நான் அங்க தல நிமிர முடியாதுங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு நடந்ததைக் கோகிலாவிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "நானாச்சும் சொல்லியிருக்கோணும். எனக்கே அயத்துப்போச்சுங்க பாருங்க," என்றாள். எனக்குப் பங்காளி கிடைத்த மாதிரி இருந்தாலும் ஆறுதலாக இல்லை.

7

சீர் நடந்த நாள் எங்களுக்கும் விடுமுறை. ஊரில் காலை, இங்கே மதியம் தாண்டிவிட்டது. என் பெரியப்பா மகன் செல்வராஜ் எனக்குப் பதிலாக நின்றான். அவனுடைய மகன்தான் கைப்பேசியில் வீடியோவைப் போட்டுக் கூட்டத்துக்குள் நடந்தான். பம்பை மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மண்டப வாசலில் எங்கள் பக்கத்து ஆட்கள் தட்டு ஏந்தி வரிசையாக நின்றார்கள். தேங்காய், பழம், கண்ணாடி வளையல், பட்டு, மாலை. செல்வராஜ் கையில் இருந்த தட்டில் பெட்டி. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள்.

இனியா சற்று நேரம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "எதுக்கு எல்லாரும் அவளையே பார்க்கறாங்க?" என்று கேட்டாள். பெரியவளானதைக் கொண்டாடுகிறார்கள் என்றேன். தனக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று அவள் மொழியில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அது அடுத்த கவலை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மேடையில் தாரணி பட்டுப் புடவையில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தாள். மைக் பிடித்தவர் தட்டு வரிசையை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, என் பெயரைச் சொல்லி, ஜப்பான் நாட்டிலிருந்து தாய்மாமன் அனுப்பிவைத்த புத்தம் புதிய கேமரா என்று இழுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். பூங்கொடி அந்தப் பெட்டியின் பக்கமே பார்க்காமல் தாரணியின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தட்டுகளை மேடையோரம் இறக்கி வைத்தார்கள். வந்தவர்கள் வேடிக்கை பார்த்துப் போனார்கள். வசந்தா வந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கம் ஏதோ படித்தாள். வீடியோ பிடித்திருந்த பையன் அருகிலேயே நின்றதால் அவள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்புள்ள பூங்கொடி, ஜப்பான்லயும் ரூவாயிலதான் வெல போடுவாங்களா?"

சத்தமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நம் ஊரில் விற்கும் எல்லாப் பெட்டியிலும் ஒட்டியிருக்குமே, அதிகபட்ச விலை, எல்லா வரிகளும் சேர்த்து என்று, அந்தச் சீட்டு. தூசி தட்டிய ஸ்டூடியோக்காரருக்கும் தோன்றவில்லை, பூ சுற்றிய என் தங்கைக்கும் தோன்றவில்லை.

மாமியாரும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி ஒரு விநாடிதான் யோசித்திருப்பாள்.

"இங்கதானுங்க வாங்கினது, அக்கா," என்றாள். "அண்ணன் பணம் அனுப்பிச்சுட்டாருங்க. நாங்களே சேலத்துல போயி வாங்கினோமுங்க. மைக்குக்காரரு ஜப்பானுன்னு தெரியாம சொல்லிப்போட்டாரு."

மாமியார் முகம் தெளிந்தது. "அப்பச் செரி. அங்கிருந்து எதுக்குச் சொமக்கோணும்? பணம் வந்தா நாமளே பார்த்து வாங்கிக்கலாமல்லோ," என்றார். வசந்தா பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் அது சரியாகத்தான் பட்டது. வெளிநாட்டில் இருப்பவன் பணம் அனுப்புவான். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒன்றரை மாத ரயில் பயணங்கள், கைப்பிடி ரப்பர், டார்ச் வெளிச்சம், மூன்று தடவை குனிந்த கடைப் பெண் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இல்லாமல் போயின. பையன் சங்கடப்பட்டுக் கைப்பேசியை மேடைப் பக்கம் திருப்பினான். நான் என் பக்கத்து ஒலியை அணைத்துதான் வைத்திருந்தேன். அணைத்திருக்காவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன்? என் தங்கை பொய் சொல்கிறாள் என்றா?

8

அன்று சாயங்காலம் பூங்கொடி கூப்பிட்டாள். களைத்த குரல்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்கண்ணா. சாப்பாடும் நல்லா இருந்துதுன்னு சொன்னாங்க."

"வசந்தா கேட்டது எனக்குக் கேட்டுச்சு, பூங்கொடி."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. செரியாப்போச்சு." பிறகு, "அத்தை கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க. பணம் அனுப்பிச்சேன்னு," என்றாள்.

"சரி."

"தாரணிகிட்டயும் சொல்லிட்டேனுங்க. அவளுக்கு மட்டும் நெசம் தெரியும்."

பெரிய மனுஷி ஆனதும் அந்தக் குழந்தைக்கு முதலில் கொடுத்தது ஒரு பொய். அதைக் காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பும் கூடவே. அதற்கு வழிசெய்தவன் நான். எதையாவது பேச வேண்டும் என்று, அடுத்து தாரணி கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன், நானே பார்த்துப் பார்த்து வாங்கி வருவேன் என்றேன்.



"அண்ணா, ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கப்படாதுங்க."

"சொல்லு."

"கல்யாணச் சீருக்கு நீங்க ஒண்ணும் வாங்கவேண்டாங்க. முடிஞ்சதப் பணமா அனுப்பிச்சுருங்க. செல்வராஜண்ணன் இங்க பார்த்துக்குவாரு. அவருக்குத்தான் இங்கத்த நடமொறையெல்லாம் தெரியுமுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெளியூர்ச் சம்பந்தியிடம் பேசுவது போல் மரியாதையாகச் சொன்னாள். நான் சரியென்றேன். சாப்பிட்டுப் படு என்றேன். வைத்துவிட்டாள்.

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். சற்று நேரத்தில், பூங்கொடியின் எண்ணிலிருந்தே, தாரணியின் செய்தியும் ஒரு படமும் வந்தன. இனியாதான் எடுத்துப் பார்த்தாள். சித்தி மகள், அத்தை மகள் என்ற உறவெல்லாம் அவளுக்குக் குழம்பும், ஆனால் தாரணியின் படங்கள் பிடிக்கும். செய்தியை நான் படித்துக் காட்டினேன். "மாமா, கேமரா சூப்பரா இருக்குதுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க. மொத படம் அம்மாவ எடுத்தேன். லைட் நல்லா இருந்துச்சு. ஸ்டூடியோ அண்ணந்தான் போனுக்கு மாத்திக் குடுத்தாரு."

மண்டபம் காலியான பிறகு எடுத்த படம். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பாதி அடுக்கிவிட்டார்கள். பக்கவாட்டுக் கதவு வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் பூங்கொடி தனியாக உட்கார்ந்து, காலிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்பக்கச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். பாதி வந்துவிட்டது. மீதி வரவில்லை. மகள் எடுப்பது அவளுக்குத் தெரியாது.

இனியா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நாற்காலிகள் போயின, பெட்டி போனது, முகம் மட்டும் திரையை நிறைத்தது. எவ்வளவு பெரிதாக்கியும் படம் கலங்கவில்லை. இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அப்பா," என்றாள் இனியா தமிழில், சொற்களைத் தேடி. "அத்தை கண்ணுல தண்ணி இருக்கு."

ஆமாம் என்றேன். அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல கேமரா வேறு எதுவும் கிடைத்திருக்காது. அதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை.